மொரிஸ் மைனரில் நான் பூட்டிய பெட்டி

1

போன மாதம் ஒரு ஞாயிறு காலை, மெல்பேர்ணுக்கு வெளியே ஒரு விளையாட்டு மைதானத்தில், என்னைவிட வயதில் மூத்த ஒரு வெள்ளைக்காரரைப் பலபேர் பார்க்கத் திட்டிவிட்டேன்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் கூடுகிற இடம் அது. கார்களை வரிசையாக விட்டு, பொனட்டைத் திறந்து வைத்து, மடக்குக் கதிரைகளில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டு எஞ்சினைப் பற்றியே பேசுவோம். என்னுடையது ஒரு மொரிஸ் மைனர். நான் பிறப்பதற்கு முன்பே தெருவில் ஓடியது. ஆனால் அதில் காபரேற்றர் இல்லை. அந்த இடத்தில் பெற்றோலை அளந்து பீச்சுகிற இலத்திரனியல் கருவியைப் பூட்டியிருக்கிறேன். அதை நடத்துகிற சின்னக் கணினி ஒரு அலுமினியப் பெட்டிக்குள் இருக்கிறது. நீண்ட பயணம் போவதற்காகச் செய்த வேலை. இந்தக் காரில் பாலைவன ஓரம்வரை போய் வந்திருக்கிறோம், ஒரு இடத்திலும் அது என்னைக் கைவிட்டதில்லை.

அந்த மனிதர் குனிந்து பார்த்தார். பெட்டியையும் அதிலிருந்து போகும் வயர்க் கட்டையும் பார்த்தார். "இது குண்டுபோல் இருக்கிறதே, பொலிசைக் கூப்பிடட்டுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டுச் சிரித்தார். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள்.

நான் என்ன பேசினேன் என்று முழுவதும் நினைவில்லை. பாதி ஆங்கிலம், பாதி தமிழ். ஒரு சிங்களக் கெட்ட வார்த்தையும் வந்தது. என்னுடன் வந்திருந்த மகள் ஆரணி என் கையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, அது பகிடி. சும்மா பகிடி" என்றாள், ஆங்கிலத்தில்.

அடுத்த நாள் அவருக்குத் தொலைபேசி எடுத்து மன்னிப்புக் கேட்டேன். நல்ல மனிதர். தன்னால்தான் பிழை என்றார். எனக்குக் கோபம் அவரோடு இல்லை. அதனால்தான் அது இன்னும் போகவில்லை.

அதே கிழமை கண்டியிலிருந்து ஒரு சொந்தக்காரர் பேசினார். "ஆரணி தமிழில ஒரு வார்த்தையும் கதைக்கிறாளில்லையாமே? வெளிநாட்டுக் காசு வந்தால் மொழி போயிடும்" என்று எனக்குப் பாடம் எடுத்தார். சரி, இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். ஊரில் இருக்கிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

2

எங்கள் முதல் மொரிஸ் மைனர் ஐயாவினுடையது. என் தகப்பனாரை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். யாழ்ப்பாணத்தில் பிறந்து, அரசாங்க உத்தியோகத்தில் கண்டிக்கு வந்து, அங்கேயே தங்கிவிட்டவர். அம்பிட்டியப் பக்கத்தில் மேட்டில் ஒரு வாடகை வீடு. காரை இரண்டாம் கையாக வாங்கினார். சாம்பல் நிறம். ஞாயிறுகளில் ஏரியைச் சுற்றி ஒரு சவாரி, விடுமுறைக்கு யாழ்ப்பாணம்.

எண்பத்து மூன்று ஜூலையில், தமிழர் வீடுகளைத் தேடி எரித்த கலவரத்தின்போது, நான் பள்ளி மாணவன். கும்பல் எங்கள் தெருவுக்கு வந்தபோது நாங்கள் பக்கத்துச் சிங்கள வீட்டின் சமையலறையில் இருந்தோம். எங்கள் கதிரை, மேசை, அலுமாரி எல்லாம் தெருவில் எரிந்தன. கார் தப்பியது. அதற்கு முந்திய நாளே கட்டுகஸ்தோட்டையில் உதிரிப்பாகக் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் குடும்பம் அதைத் தங்கள் பின்பக்கக் கொட்டிலில் விட்டுப் பூட்டிவிட்டது. அந்த வீட்டு மூத்த மகன்தான் பரீட் நானா. அவர்கள் பேச்சில் நானா என்றால் அண்ணன். என்னைவிடச் சில வயது மூத்தவர். பிறகு கடையும் அவர் கைக்கு வந்தது. என் வாழ்க்கையில் எனக்கு வாய்த்த ஒரே சகோதரன் என்று அவரைத்தான் சொல்வேன்.

ஐயா கண்டியை விட்டுப் போக மறுத்தார். "நான் ஒருத்தருக்கும் ஒண்டும் செய்யேல்லை. நான் ஏன் ஓடவேணும்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை.

நான் படித்து, கண்டியில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் இலத்திரனியல் படிப்பிக்கிற வேலைக்குப் போனேன். கலஹாத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து ஆசிரியையாக வந்த தனலெட்சுமியைக் கல்யாணம் செய்தேன். தனம் என்று கூப்பிடுவேன். எங்கள் ஆட்களில் சிலர் அந்தக் கல்யாணத்துக்கு வரவில்லை. தோட்டத்துப் பெண்ணாம். ஐயா வந்தார், தானே காரை ஓட்டிக்கொண்டு வந்தார்.

3

சமாதான ஒப்பந்தம் வந்து யாழ்ப்பாணப் பாதை திறந்த வருடம் ஐயாவுக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது. வாயைத் திறந்தால் ஒரே கதை.

"பஸ்ஸில வேண்டாம். என்ர காரில போவம்."

அந்தக் கார் அந்த நேரம் ஹேவாஹெட்ட ஏற்றத்தையே தாங்காது. காபரேற்றர் என்பது காற்றையும் பெற்றோலையும் ஒரு குத்துமதிப்பில் கலக்கும் சாமான். மலையில் காற்று மெலிந்தால் அதற்குத் தெரியாது, அதே அளவு பெற்றோலை ஊற்றும், கார் கறுப்புப் புகை கக்கும். வன்னி வெயிலில் பிரச்சினை வேறு. குழாய்க்குள்ளேயே பெற்றோல் கொதித்து ஆவியாகி, நடுத்தெருவில் எஞ்சின் நின்றுவிடும். அங்கே தெருவை விட்டு இறங்கி நடக்கக்கூட முடியாது, இரண்டு பக்கமும் கண்ணிவெடி.

அப்போதுதான் இந்த வேலையைத் தொடங்கினேன். காற்றின் அழுத்தம், வெப்பம், எஞ்சினின் வேகம் எல்லாவற்றையும் சென்சர்கள் அளந்து சொல்ல, ஒரு கணினி அதற்கேற்றபடி பெற்றோலைப் பீச்சும். குழாயில் அழுத்தம் கூடுதலாக இருப்பதால் பெற்றோல் கொதிக்காது. ஜப்பானிலிருந்து வந்து குவியும் ரீகண்டிஷன் பாகங்களில் இருந்து பீச்சும் கருவியும் பம்பும் பரீட் நானா தேடித் தந்தார். பழைய டைனமோவால் இவ்வளவு மின்சாரம் கொடுக்க முடியாது என்று அதையும் மாற்றினோம். மிஞ்சிய பெற்றோல் தாங்கிக்குத் திரும்பிப் போகக் குழாய் ஒன்று போட்டோம். கணினியை நானே செய்தேன். பலகையில் ஒவ்வொரு பாகமாக நானே ஈயம் வைத்து ஒட்டினேன். ஒரு வருடம் எடுத்தது.

முதல்நாள் எஞ்சின் பிடித்ததும் பரீட் நானா காதைப் பொனட்டுக்குள் வைத்துக் கேட்டார்.

"மாஸ்டர், கிழவிக்கு ஆஸ்துமா போயிட்டு," என்றார்.

பிறகு அதைப் பழக்கவேண்டும். கார் ஓடும்போதே மடிக்கணினியைப் பெட்டியோடு இணைத்து, எந்த ஏற்றத்தில் எவ்வளவு பெற்றோல் என்று திருத்திக்கொண்டே போகவேண்டும். தனம் ஓட்டுவாள், நான் பக்கத்தில் மடிக்கணினியோடு இருப்பேன். கலஹா வீதியில் தேயிலைக்கு நடுவே போவோம், திரும்பி வருவோம், மறுபடி போவோம்.

"மெதுவா ஓட்டு."

"நான் மெதுவாத்தாங்க போறேன். நீங்க ரோட்டப் பாக்காதீங்க, ஒங்க பொட்டியப் பாருங்க."

நாங்கள் கல்யாணம் செய்து அவ்வளவு சிரித்தது அந்த மாதங்களில்தான். பின் ஆசனத்தில் ஆரணி தூங்கிவிடுவாள். அவளுக்கு அப்போது நாலு வயது.

4

அடுத்த பள்ளி விடுமுறையில் போனோம். ஐயா முன் ஆசனத்தில், தனமும் பிள்ளையும் பின்னால். கண்டி மலையால் இறங்கித் தம்புள்ளை, வவுனியா. கார் ஒருமுறைகூட இருமவில்லை. ஐயா ஒவ்வொரு ஊர்ப் பெயரையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஓமந்தையில் ஆமிக்காரர்கள் பொனட்டைத் திறந்தார்கள். ஒருவன் நீண்ட நேரம் பார்த்துவிட்டு, மோட்டார் சைக்கிளுக்கும் இப்படிச் செய்யலாமா என்று கேட்டான். செய்யலாம் என்றேன். சிரித்து அனுப்பிவிட்டான்.

அந்தப் பக்கம் போனால், வன்னியைக் கையில் வைத்திருந்த போராளி இயக்கத்தின் சோதனைச் சாவடி. நன்றாக அயர்ன் பண்ணிய சட்டை போட்ட ஒருவர் வந்தார். அவரும் பொனட்டைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"அண்ணை, இதை நீங்களே செய்தனீங்களோ?"

"ஓம்."

"தூரத்தில இருந்து இயக்கலாமோ?"

"இல்லைத் தம்பி. இது பெற்றோல் விடுறதுக்கு."

"அது விளங்குது. ஆனா உங்களுக்கு மற்றதும் தெரியுந்தானே?"

நான் பொனட்டை இறக்கி மூடினேன்.

"உங்களைப்போல ஆக்கள் எங்களுக்குத் தேவை. திரும்பி வரேக்குள்ள ஒரு கிழமை நிண்டு பெடியளுக்குப் படிப்பிச்சுப்போட்டுப் போங்கோ. உங்கட சனத்துக்குத்தானே செய்யிறீங்கள்."

"எனக்கு விருப்பமில்லை. நான் குடும்பத்தோட ஊர் பாக்க வந்தனான்" என்றேன்.

ஐயா காரின் கண்ணாடியை இறக்கினார். "தம்பி, இவன் என்னைக் கூட்டிக்கொண்டு வாறதுக்காக ஒரு வருசம் வயர் ஒட்டினவன். வேற ஒண்டுக்கும் இல்லை. எங்களை விடும்."

வெயிலுக்குள் நெடுநேரம் காக்க வைத்தார்கள். கடைசியில் விட்டார்கள். ஒரு மனிதன் தன் தகப்பனுடைய காரைத் திருத்தினால் அதை அவர்கள் தங்கள் உடைமை என்று நினைத்தார்கள். என் மூளையும் அவர்களுக்குச் சொந்தமாம். சனம் என்ற ஒரு சொல்லைச் சொன்னால் போதுமாம்.

ஐயா பிறந்த வீடு ஆமியின் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது. முள்கம்பிவரை போனோம். அதற்கு அப்பால் போக விடவில்லை. ஐயா இறங்கவும் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, "சரி, திருப்பு" என்றார். திரும்பும்போது அந்தச் சாவடியில் வேறு ஆட்கள் இருந்தார்கள். பேசாமல் கடந்து வந்தோம். கண்டிக்கு வந்து சேர்ந்ததும் ஐயா காரின் முன்பக்கத்தை ஒரு துணியால் துடைத்தார். அதுதான் அவர் எனக்குச் சொன்ன நன்றி.

5

மறுபடி யுத்தம் தொடங்கிய வருடம், கலஹாவில் தனத்தின் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டு நாங்கள் மூவரும் பேராதனைப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தோம். பகல் நேரம், மழை. வழக்கமாக இல்லாத ஒரு இடத்தில் ஆமியும் பொலிசும் சோதனை போட்டிருந்தார்கள். என் அடையாள அட்டையைப் பார்த்தார்கள். பிறந்த இடம் யாழ்ப்பாணம். ஐயாவின் பிடிவாதத்தில் அம்மா என்னை அங்கே போய்த்தான் பெற்றார். பொனட்டைத் திறக்கச் சொன்னார்கள்.

திறந்ததும் துவக்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார்கள். இதில் மிகை ஒன்றுமில்லை, ஓடினார்கள். தனம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, "ஐயோ மாத்தயா, அது பெற்றோல் மெசின்" என்று சிங்களத்தில் கத்தினாள். தனத்தின் சிங்களம் என்னுடையதைவிட நல்லது. அன்றைக்கு அது உதவவில்லை. என்னைத் தெருவில் குப்புறப் படுக்க வைத்தார்கள். ஆரணிக்கு ஏழு வயது. அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எந்தக் காவல் நிலையம் என்று எழுதப்போவதில்லை. விசாரித்த அதிகாரி படித்தவர், மெதுவாகப் பேசுகிறவர். எங்கள் பேச்செல்லாம் சிங்களத்தில் நடந்தது. காரில் இருந்த மடிக்கணினி அவர் மேசையில் திறந்து கிடந்தது.

"கலஹா மேப். ஹேவாஹெட்ட மேப். கண்டி ரவுண் மேப் மூன்று. இதெல்லாம் என்ன?"

எந்த வேகத்தில் எவ்வளவு பெற்றோல் என்ற அட்டவணைக்கு இந்தத் தொழிலில் மேப் என்றுதான் பெயர். உலகம் முழுக்க அப்படித்தான். எந்த வீதியில் ஓட்டித் திருத்தினேனோ அந்த வீதியின் பெயரைப் போட்டு வைத்திருந்தேன். சொன்னேன்.

"மேப் என்கிறாய். படம் ஒன்றும் இல்லையே. வெறும் இலக்கங்கள்."

"அதுதான் சேர் மேப்."

"அப்படியானால் சங்கேத இலக்கங்கள்."

"இல்லை சேர். பெற்றோல் அளவு."

"ட்ரிகர் என்று ஒன்று இருக்கிறது."

எஞ்சின் சுழற்சியைக் கணினிக்குச் சொல்கிற பல்சக்கரத்துக்கு ட்ரிகர் என்று பெயர். அதைச் சொன்னேன். அடுத்தது டைமிங். அதற்கும் விளக்கம் சொன்னேன். சொல்லச் சொல்ல என் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு சொல்லும் குண்டுக்காரன் சொல்லாகவே அந்த அறையில் விழுந்தது. பிள்ளைகளுக்கு வருடக் கணக்காகக் கரும்பலகையில் எழுதிப் படிப்பித்த சொற்கள். கலஹா வீதியில் ஒரு ஆணும் பெண்ணும் கணினியோடு மேலும் கீழுமாகத் திரிந்தார்கள் என்று யாரோ முன்பே முறைப்பாடும் கொடுத்திருந்தார்களாம். அவள் என் மனைவி என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

பிறகு யாழ்ப்பாணப் பயணத்துக்கு வந்தார். "வழியில் யாரோடு பேசினாய்?"

மறைத்தால் பொய்யனாவேன், சொன்னால் தொடர்பு வைத்தவனாவேன். உண்மையைச் சொன்னேன். அவர்கள் கேட்டார்கள், நான் முடியாது என்று சொன்னேன் என்றேன். அவர் எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னேன். வாசித்தார். அவர்கள் என்னோடு பேசியது இருந்தது. நான் மறுத்தது இல்லை.

"மறுத்ததையும் எழுதுங்கள் சேர்."

"அதற்குச் சாட்சி யார்?"

"பேசியதற்கு யார் சாட்சி? அதையும் நான்தானே சொன்னேன்!"

பின்னால் நின்றவன் அடித்தான். கன்னத்தில் அல்ல, காதில். இடது காது இன்றைக்கும் சரியாகக் கேட்காது. இங்கே வைத்தியர் ஒருவர், சத்தமான தொழிற்சாலையில் வேலை செய்தீர்களா என்று கேட்டார். ஓம் என்றேன். வேறு என்ன சொல்ல?

அவர் எழுதியதில் நான் கையெழுத்துப் போடவில்லை. அதற்காகவே என்னை அனுப்பாமல் வைத்திருந்தார்கள்.

6

வெளியே நடந்ததை எனக்குப் பிறகு தனமும் பரீட் நானாவும் சொன்னார்கள்.

தனம் முதலில் என் கல்லூரியின் பிரிவுத் தலைவரிடம் போனாள். இந்தக் கருவி என்னவென்று அவருக்கு நன்றாகத் தெரியும். கல்லூரி முற்றத்திலேயே அந்தக் காரில் ஒரு சுற்று ஓட்டியவர். வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் கேற்றைத் திறக்காமலே பேசினார்.

"நான் வந்தால் என்னையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள், டீச்சர். உங்கள் கணவருக்கு இந்தக் காலத்தில் இப்படி ஒரு வேலை எதற்கு?"

எங்கள் சொந்தக்காரர்களும் அதையே கேட்டார்கள். ஏன் அந்தப் பெட்டியைச் செய்தான், சும்மா இருந்திருக்கலாமே. எனக்கு அடித்தவனைவிட இந்தக் கேள்விமேல்தான் இன்றைக்கும் ஆத்திரம். கொழும்பில் ஒரு சிங்களவர் தன் பழைய காரில் இதையே செய்திருந்தால் பத்திரிகையில் படம் வந்திருக்கும். தமிழன் செய்தால், சும்மா இருந்திருக்கலாமே!

மூன்றாம் நாள் பரீட் நானா மட்டும் வந்தார். ஒரு ஜப்பான் காரை ஓட்டிக்கொண்டு நேரே காவல் நிலைய வாசலுக்கு வந்து இறங்கினார். தனமும் ஆரணியும் அங்கே கேற்றடியில் நின்றிருந்தார்கள். ஐயாவுக்கு உடம்பு முடியாததால் வீட்டில் விட்டுவிட்டு, பிள்ளையை விட ஆளில்லாமல் தனம் அவளையும் கூட்டி வந்திருந்தாள். பரீட் நானா தன் காரின் பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அதிகாரியைக் கூப்பிட்டார்.

"சேர், வந்து பாருங்க. இதே பம்ப், இதே பைப், இதே பொட்டி. நான்தான் மாஸ்டருக்குச் சாமான் குடுத்தது. உங்கட ஜீப்பத் திறங்க, அதிலயும் இதே சாமான் ஈக்கி."

அதிகாரி வந்தார். பார்த்தார். அவருக்கு விளங்கியது என்று பரீட் நானா சத்தியம் செய்கிறார். நன்றாக விளங்கியது, முகத்தில் தெரிந்தது என்கிறார்.

பிறகு அதிகாரி சொன்னார்: "என்னுடைய ஜீப்பில் ஜப்பான்காரன் பூட்டினான். அதில் தமிழன் பூட்டியிருக்கிறான்."

அவ்வளவுதான் பதில். பரீட் நானாவையும் அன்று மாலைவரை உள்ளே இருத்தி வைத்தார்கள்.

அவர் உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில், பின்னால் இருந்த வெளியில் மண்மூட்டைகளை அடுக்கி, என் பெட்டியைக் காரிலிருந்து வெட்டி எடுத்து வைத்து வெடிக்கச் செய்தார்கள். பாதுகாப்பு நடவடிக்கையாம். பெட்டிக்குள் வெடிக்க ஒன்றும் இல்லை. ஆகவே தாங்களே வெடிமருந்து வைத்து வெடிக்க வைத்தார்கள். நான் உள்ளே இருந்து சத்தத்தைக் கேட்டேன். என் கையால் ஒட்டிய பலகை என்று அப்போது தெரியாது. அடுத்த நாள் பத்திரிகையில், கண்டியருகே குண்டு ஒன்று செயலிழக்கச் செய்யப்பட்டது என்று மூன்று வரி வந்தது. அதைப் பிழை என்று ஒருநாளும் எந்தப் பத்திரிகையும் போடவில்லை.

7

ஏறக்குறைய ஒரு வருடம் வைத்திருந்துவிட்டு விட்டார்கள். வழக்கு இல்லை, குற்றச்சாட்டு இல்லை, மன்னிப்பும் இல்லை. நீதவான் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் போகலாம் என்றார். கல்லூரியில் என் இடத்துக்கு வேறு ஆள் போட்டிருந்தார்கள். காரைக் கேட்டுப் போனேன். விசாரணைப் பொருளாம். விசாரணைதான் முடிந்துவிட்டதே என்றேன். அதற்கு வேறு இடத்தில் அனுமதி வேண்டுமாம். அந்த வேறு இடத்தில், காரைப் பிடித்தவர்கள்தான் அனுமதி தரவேண்டும் என்றார்கள். கார் நிலைய வளவில் மழையில் நின்றது. ஒவ்வொருமுறை போகும்போதும் ஒவ்வொரு பாகம் குறைந்திருந்தது. ஒருநாள் போனபோது காரே இல்லை. எங்கே என்று கேட்டதற்கு, எந்தக் கார் என்று கேட்டார்கள்.

அதை ஐயாவிடம் சொல்லவில்லை. கராஜில் விட்டிருக்கு என்று சொன்னேன். அவர் அதை நம்பினாரோ தெரியாது. அடுத்த மழைக்காலத்தில் போய்விட்டார்.

நான் உள்ளே இருந்த அந்தக் காலத்தில் தனம் தினமும் பிள்ளையோடு பள்ளிக்கூடத்துக்குக் கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தால் போய்வர வேண்டியிருந்தது. கொழும்பில் எங்காவது குண்டு வெடித்தால் அன்றைக்குக் கண்டி பஸ்ஸில் தமிழ் காதில் விழுந்தாலே திரும்பிப் பார்ப்பார்கள். என்னைப் பிடித்த மறுநாளே பஸ்ஸுக்குள் ஆரணி, "அம்மா, அப்பா எப்ப வருவாரு?" என்று சத்தமாகக் கேட்டிருக்கிறாள். முன் ஆசனத்தில் இருந்த ஒரு பெண் எழுந்து வேறு இடத்துக்குப் போனாளாம்.

தனம் குனிந்து பிள்ளையின் காதில் சொன்னாள்: "வெளியில தமிழ்ல பேசாத கண்ணு. வீட்டுக்குப் போய்ப் பேசலாம்."

பிள்ளை சொல்வழி கேட்டாள். முதலில் பஸ்ஸில் நிறுத்தினாள். பிறகு கடையில், பிறகு பள்ளிக்கூட வாசலில். நான் வீட்டுக்கு வந்தபோது வீட்டிலும் நிறுத்தியிருந்தாள். கேட்டால் தலையாட்டுவாள். அவுஸ்திரேலியாவுக்கு வந்து ஆங்கிலம் கிடைத்ததும்தான் மறுபடி வாயைத் திறந்தாள். இதுதான் நடந்தது. அந்தச் சொந்தக்காரருக்குச் சொல்லுங்கள், என் பிள்ளையின் தமிழை எந்த வெளிநாடும் வாங்கவில்லை.

8

இங்கே வந்து பஸ் டிப்போவில் வேலை. பல வருடம் கழித்துத்தான் ஒரு மொரிஸ் மைனர் வாங்கினேன், பச்சை நிறம். வாங்கியதும் தனம் கேட்டாள், "மறுபடியும் அந்தப் பொட்டியா?" என்று. ஓம் என்றேன். அவள் போய் எனக்கு ஒரு ஈயம் ஒட்டுகிற கருவி வாங்கி வந்து மேசையில் வைத்தாள்.

இப்படி மாற்றிய காருக்கு இந்த ஊரிலும் அனுமதி எடுக்கவேண்டும். மூன்று அலுவலகம் அலைந்தேன், என் பெயரை மூன்று விதமாகப் பதிந்தார்கள். கடைசியில் பரிசோதிக்க வந்த பொறியியலாளர் பொனட்டைத் திறந்தபோது, அவர் கேட்காமலே நான் லைசன்ஸை எடுத்து நீட்டினேன். அவர் பெற்றோல் குழாயின் பிடிகளை இழுத்துப் பார்த்தார். "யார் செய்தது?" என்று கேட்டார். நான் என்றேன். "சுத்தமான வேலை" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்து குளியலறையைப் பூட்டிக்கொண்டு அழுதேன். பாராட்டுக்காக அல்ல. இவ்வளவுதானே! ஒரு மனிதன் பார்த்து, கேட்டு, விளங்கிக்கொண்டு போக இவ்வளவு நேரம்தானே தேவைப்பட்டது!

அந்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்திலிருந்து திரும்பும்போது ஆரணிதான் காரை ஓட்டினாள். இருபத்தைந்து தாண்டிய பெண். கொஞ்சத் தூரம் வந்ததும், "ஏனப்பா அப்படிக் கத்தினீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். மேப், ட்ரிகர், காது, எழுதாமல் விட்ட அந்த ஒரு வரி, பெட்டியை வெடிக்க வைத்தது. இதுவரை அவளிடம் சொன்னதில்லை. சின்னப்பிள்ளை, அவளுக்கு ஒன்றும் நினைவிருக்காது என்று நானும் தனமும் நினைத்திருந்தோம்.

அவள் காரைத் தெருவோரம் நிறுத்தினாள்.

"அந்தச் சத்தம் கேட்டபோது நான் கேற்றடியில் நின்றேன்," என்றாள். "உள்ளே இருந்து வந்த ஒரு ஆமிக்காரன் மற்றவனிடம் சிரித்துக்கொண்டு சிங்களத்தில் ஏதோ சொன்னான். எனக்கு இரண்டு சொல்தான் விளங்கியது. தமிழன், வெடி. உங்களைத்தான் வெடிக்க வைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன்."

"அம்மா சொல்லவில்லையா?"

"அப்பா வருவார் என்று அம்மா தினமும் சொன்னா. எனக்காகப் பொய் சொல்கிறா என்று நினைத்தேன். அம்மா பாவம் என்று நான் அழவில்லை."

என்னைப் பார்க்க அவளைக் கூட்டிவர வேண்டாம் என்று சொன்னவன் நான். அந்தக் கோலத்தில் பிள்ளை என்னைப் பார்க்கக்கூடாது என்று நினைத்தேன். நான் வீட்டுக்கு வந்த அன்று அவள் கதவுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், கிட்ட வரவில்லை. பிள்ளை என்னை மறந்துவிட்டாள் என்று அன்றைக்கு மனம் நொந்தேன்.

அந்த வருடம் முழுக்க என் மகள் தகப்பன் செத்த பிள்ளையாகப் பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறாள். பஸ்ஸில் தாயின் பக்கத்தில் இருந்து போயிருக்கிறாள். ஒருவரிடமும் அதைக் கேட்கவில்லை. கேட்பதற்கு அவளிடம் அப்போது இருந்தது ஒரே ஒரு மொழி. அதில்தான் பேசாதே என்று சொல்லியிருந்தோம்.